மூப்பா, திறமையா: உங்கள் பட்டியலில் உண்மையில் நடந்தது எது?

வாசகர் கேள்வி: நான் காரைக்குடிக்கு அருகில் வசிக்கும் மாநில அரசு ஊழியர். 1998-இல் தொகுதி 4 தேர்வு எழுதி, வட மாவட்டம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பெற்றோரைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் 2009-இல் சிவகங்கை மாவட்டத்துக்கு மாறுதல் பெற்று வந்தேன். 2014-இல் உதவியாளர் ஆனேன். இப்போது கண்காணிப்பாளர் பதவிக்கான பேனலில் (பதவி உயர்வுப் பட்டியலில்), 2007-இல் இங்கே பணியில் சேர்ந்தவரின் பெயர் வந்திருக்கிறது. என் பெயர் இல்லை. அலுவலரிடம் கேட்டதற்கு, “இப்போதெல்லாம் தகுதி, திறமைதான் சார்” என்று சொல்லிவிட்டார். மந்தணக் குறிப்பில் (மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் பணி மதிப்பீட்டில்) எனக்கு ‘நன்று’ என்றும் அவருக்கு ‘மிக நன்று’ என்றும் எழுதியிருப்பதாகப் பிரிவில் பேசிக்கொள்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. சீனியாரிட்டி பற்றிய 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி வழக்குப் போடச் சொல்கிறார் ஒரு நண்பர். தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் மகளோ, “முன்னால் சேர்ந்தேன் என்பதற்காகவே உயர்வு கேட்பது என்ன நியாயம் அப்பா?” என்கிறாள். ஒன்பது ஆண்டு மூப்புக்கு மதிப்பே இல்லையா? வழக்குத் தொடுக்கலாமா, அல்லது இனி எந்தப் பதவி உயர்வும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா?

பணி விதி வழக்குகளைக் கவனிக்கும் வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி திறமை என்ற பெயரில் மூப்பு மிதிக்கப்பட்டதைப் பற்றியது. ஆனால் உங்கள் கேள்விக்கான விடை, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 2009-இல் மாவட்டம் மாறி வந்தீர்கள் என்ற அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போக முடியும்.

உங்கள் நிலைப் பதவிகளுக்குப் பெரும்பாலான துறைகளில் மாவட்டமே பணிமூப்பின் அலகு; அதாவது மூப்பு வரிசை மாவட்டம்தோறும் தனித்தனி. சொந்த விருப்பத்தின் பேரில் ஓர் அலகை விட்டு மற்றோர் அலகுக்குப் போகிறவர், புதிய அலகில் அதே பதவியில் ஏற்கெனவே பணிபுரிபவர்களுக்கெல்லாம் கீழே வைக்கப்படுவார் என்பது நம் பணி விதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. இது கொடுமையான விதி என்று பலரும் என்னிடம் சொல்வதுண்டு. ஆனால் இந்த விதி இல்லையென்றால், சிவகங்கை மாவட்டத்தில் பத்து ஆண்டாகக் காத்திருப்பவரின் முறை, வேறு மாவட்டத்திலிருந்து ஒருவர் தம் வசதிக்காக இங்கே வந்து சேர்ந்த ஒரே காரணத்தால் பின்னுக்குப் போய்விடும். செட்டிநாட்டுப் பக்கம் இந்த வகை மாறுதல் அதிகம். ஊரில் பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது, அதில் வயதான தாயும் தந்தையும் தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகளுள் யாராவது ஒருவர் வந்தாக வேண்டும் என்ற நிலையில் மாறுதல் விண்ணப்பம் எழுதும்போது யாரும் பேனலைப் பற்றி யோசிப்பதில்லை. பணிமூப்பு இழப்புக்குச் சம்மதம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது கோப்பில் இருக்கும், நினைவில் இருக்காது.

உங்கள் மாறுதலும் அவ்வகையைச் சேர்ந்தது என்றால், நீங்கள் முதலில் பணியாற்றிய மாவட்டத்துப் பதினோரு ஆண்டுகள் ஊதிய உயர்வுக்கும் விடுப்புக்கும் ஓய்வூதியக் கணக்குக்கும் எண்ணப்படும். சிவகங்கை மாவட்ட மூப்புக்கு எண்ணப்படா. இங்கே உங்கள் இடம் 2009-இல் தொடங்குகிறது, நீங்கள் இளையவர் என்று கருதுபவரின் இடம் 2007-இல் தொடங்குகிறது. அதாவது அவர்தான் உங்களுக்கு மூத்தவர். 2014-ஆம் ஆண்டு உதவியாளர் பேனலை எடுத்துப் பாருங்கள். அவர் பெயர் மேலேயும் உங்கள் பெயர் கீழேயும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். அப்போது இருவருக்கும் பதவி கிடைத்துவிட்டதால் அந்த வரிசையை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அலுவலர் சொன்ன வாசகம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 2016-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம் வருவதற்கு முன்பிருந்த பொது விதிகளிலேயே, 36-ஆம் விதியில், பதவி உயர்வுக்கு இரண்டு வழிகள் வகுக்கப்பட்டிருந்தன. தெரிவு நிலைப் பதவிகள் என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்குத் தகுதியும் திறமையுமே அளவுகோல். அவை ஏறக்குறையச் சமமாக இருக்கும்போது மட்டுமே மூப்பு பார்க்கப்படும். மற்ற எல்லாப் பதவி உயர்வுகளும் மூப்பின்படியே. தண்டனையாக உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டவர்களும், தனிச்சிறப்பான திறமைக்காகச் சிறப்பு உயர்வு பெறுபவர்களும் மட்டுமே அதற்கு விலக்கு. உங்கள் துறையில் கண்காணிப்பாளர் பதவி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத் துறையின் சிறப்பு விதிகள் சொல்லும். பணியமைப்புப் பிரிவில் கேட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும் செய்தி இது. அது மூப்பு வழிப் பதவியாக இருந்தால், உங்களையும் அவரையும் ஒரே தராசில் யாரும் நிறுத்தவே இல்லை. வரிசைப்படி பெயர் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அலுவலர், மாறுதல் விதியை விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லாமலோ, விதி தெரியாமலோ, வாய்க்கு வந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். உங்களைப் புண்படுத்தியது அந்தச் சொல்தான் என்று கடிதத்தின் தொனியிலிருந்து அறிகிறேன். திறமை குறைந்தவர் என்று உங்களைப் பற்றி எந்தக் கோப்பிலும் முடிவு எழுதப்படாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 2009-ஆம் ஆண்டு மாறுதல் ஆணையைத் தேடி எடுத்து அதன் முதல் பத்தியைப் படியுங்கள். ‘அன்னாரது சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று இருக்கிறதா, ‘நிர்வாக நலன் கருதி’ என்று இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆணை கிடைக்கவில்லையென்றால் வேறொரு தடயமும் உண்டு. நிர்வாகக் காரணத்துக்காக மாற்றப்பட்டவர் மாறுதல் பயணப்படி கோரியிருப்பார், சொந்த விருப்பத்தில் வந்தவருக்கு அது கிடையாது. ஆகவே அந்த ஆண்டு வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவந்த செலவுக்கு அலுவலகத்தில் பட்டியல் கொடுத்துப் பணம் பெற்றீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பணிப்பதிவேட்டில் அந்த மாதத்துப் பதிவையும், அதனுடன் சம்மதக் கடிதம் ஏதேனும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பணிமூப்பைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்தை, அந்தப் பதவியில் நியமிக்கப்பட்ட நாளிலிருந்தோ மூப்பு நிர்ணயித்த ஆணையின் நாளிலிருந்தோ மூன்று ஆண்டுகளுக்குள் தந்துவிட வேண்டும் என்று பழைய 35-ஆம் விதியிலேயே இருந்தது; அதற்குப் பின் வருவதை நேரடியாக நிராகரிக்கலாம். விவரப் பிழையால் நேர்ந்த தவறைத் திருத்துவதற்கு மட்டும் இந்தக் காலக்கெடு தடையில்லை. நீதிமன்றங்களும் இதே மனநிலையில்தான் இருக்கின்றன. பல ஆண்டுகள் கழித்து மூப்பு வரிசையைக் கலைத்தால் யாருமே நிம்மதியாகப் பணிபுரிய முடியாது என்ற கருத்தில், கே.ஆர். முத்கல் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் காலம் கடந்து வந்தவர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. எனவே, நிர்வாக நலனுக்காக மாற்றப்பட்ட உங்களைச் சொந்த விருப்பத்தில் வந்தவர் என்று தவறாகக் கணக்கில் எடுத்திருந்தால், அது விவரப் பிழை. ஆணையின் நகலை இணைத்து நியமன அலுவலருக்கு முறையீடு அனுப்பலாம், அதில் வலு இருக்கிறது. சொந்த விருப்பத்தில்தான் வந்தீர்கள் என்றால் மூப்பைப் பற்றிய உங்கள் பேச்சு இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. இதை மென்மையாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை.

நண்பர் காட்டும் 2019 தீர்ப்பு உங்களுக்குப் பயன்படாது. தேர்வாணையத்தின் ஒரே தெரிவில் வந்தவர்களுக்கிடையே மூப்பை மதிப்பெண் வரிசைப்படி நிர்ணயிப்பதா, இனச் சுழற்சி (இட ஒதுக்கீட்டுச் சுழற்சி) வரிசைப்படி நிர்ணயிப்பதா என்பது அங்கே பிரச்சினை. 2016 சட்டத்தின் 40-ஆம் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியதும், 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்ததும் அந்தக் கேள்வி பற்றியே.

ஒருவேளை உங்கள் துறையில் அது தெரிவு நிலைப் பதவியாகவே இருந்தால், ‘நன்று’ என்ற மதிப்பீடு முக்கியமாகிவிடும். பிரிவில் பேசிக்கொள்வதை நம்பாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கடந்த ஐந்து ஆண்டுகளுக்கான உங்கள் மந்தணக் குறிப்புகளின் நகலையும், பேனல் தயாரித்த நாளில் பின்பற்றிய மூப்புப் பட்டியலையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். பேனலில் வந்த சக ஊழியரின் குறிப்புகளைக் கேட்காதீர்கள்; பிறர் பணிப்பதிவுகள் தனிப்பட்ட தகவல் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டதால் அந்தப் பகுதி மறுக்கப்படும். உங்கள் குறிப்புகளை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. தேவ் தத் என்பவர் எல்லைச் சாலை அமைப்பில் செயற்பொறியாளர். ஐந்து ஆண்டும் ‘மிக நன்று’ பெற்றால்தான் உயர்வு என்ற இடத்தில் ஓராண்டு மட்டும் ‘நன்று’ என்று எழுதப்பட்டு, அது அவருக்குத் தெரிவிக்கப்படாமலே அவர் கைவிடப்பட்டார். கெட்ட குறிப்பு மட்டுமல்ல, ஒவ்வொரு குறிப்பும் உரியவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று 2008-இல் அவர் வழக்கில் தீர்ப்பாயிற்று. 2013-இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. உங்களுக்குத் தெரிவிக்கப்படாத மதிப்பீட்டை வைத்து நீங்கள் தாண்டப்பட்டிருந்தால், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

அப்போதும் நீதிமன்றம் உங்களைக் கண்காணிப்பாளர் ஆக்கிவிடாது. மைசூர் மாநிலம் எதிர் சையத் மக்மூத் என்ற 1968 வழக்கு முதல் இன்றுவரை, சட்டப்படி பரிசீலிக்கப்படும் உரிமை ஊழியருக்கு உண்டு, பதவி உயர்வே உரிமை ஆகாது என்பதுதான் நிலை. மீண்டும் பரிசீலியுங்கள் என்று அரசுக்கு உத்தரவிடுவார்கள். சிவகங்கை மாவட்டத்துப் பணி வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். பாதிக்கப்படக்கூடிய சக ஊழியர்களை எதிர்மனுதாரர்களாகச் சேர்த்தாக வேண்டும். அடுத்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அழைப்பாணை வரும். இந்தத் தாள்களைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி உங்கள் மகள் கேட்டதற்கு வருகிறேன், ஏனென்றால் கடிதத்திலேயே மிகக் கூர்மையான கேள்வி அதுதான். மூப்புக்கு முதலிடம் தரும் வழக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1793-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்திலேயே இருக்கிறது. லண்டனில் செல்வாக்குள்ளவர்கள் தம் ஆட்களை நேராகப் பெரிய பதவிகளில் இறக்குவதை அது ஓரளவேனும் தடுத்தது. நம் காலத்தில், 1973-இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் இந்தியத் தலைமை நீதிபதியாக்கப்பட்டதையும், 1977-இல் எச்.ஆர். கன்னா தாண்டப்பட்டதையும் நினைத்துப் பாருங்கள். அவற்றுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு மூப்பு வரிசையே பாதுகாப்பு என்ற எண்ணம் வலுப்பட்டது. மூப்பு, சிறந்தவரைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. தேர்ந்தெடுப்பவரின் கையைக் கட்டிவைக்கும் கருவி.

கையைக் கட்ட வேண்டிய அவசியம் ஏன் என்பதற்கு நம் ஊர் வரலாற்றிலேயே விளக்கம் இருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் நடந்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்வது, யார் முன்பு சேர்ந்தார் என்பதைவிட யாரை நம்பிப் பெட்டிச் சாவியைக் கொடுக்கலாம் என்பதைப் பொறுத்தது. தவறான ஆளை உயர்த்தினால் நட்டம் முதலாளியின் தலையிலேயே விழும் என்பதால், அவர் கணித்த திறமையில் ஒரு நேர்மை இருந்தது. உங்கள் மகள் வேலை பார்க்கும் நிறுவனமும் ஏறக்குறைய அப்படித்தான். அரசு அலுவலகத்தில் தவறான ஆளை உயர்த்தும் அலுவலர் தம் கையிலிருந்து எதையும் இழப்பதில்லை. இழப்பவர் பட்டா மாறுதலுக்காகத் திரும்பத் திரும்ப நடப்பவர். அந்த இடத்தில் ‘எனக்குத் திறமையாகப் பட்டது’ என்ற ஒரே காரணத்தை ஏற்பது ஆபத்து.

அதற்காக மூப்பு மட்டும் போதும் என்று சொல்பவன் அல்லன் நான். ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கும்போது உயர்வு பெற்று, வாழ்த்து மடல்களை வாங்கி அடுக்குவதோடு பணிக்காலத்தை முடித்துக்கொள்பவர்களை எல்லா அலுவலகங்களிலும் பார்க்கிறோம். 1967-இல் சந்த் ராம் சர்மா வழக்கிலேயே, உயர்ந்த தெரிவுப் பதவிகளுக்கு மூப்பை மட்டும் வைத்து யாரும் உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு ஏற்புடையது 1998-இல் சிவய்யா வழக்கில், கிராம வங்கி அலுவலர்கள் தொடர்பாக வந்த விளக்கம். நிர்வாகத்துக்குத் தேவையான குறைந்தபட்சத் தகுதியை முன்கூட்டியே வரையறுத்து விடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டியவர்களுள் மூத்தவருக்கே முன்னுரிமை, அவரைவிட இளையவர் ஒரு படி கெட்டிக்காரராக இருந்தாலும் சரி என்பது அதன் சாரம். 2002 முதல் மத்திய அரசின் தெரிவுப் பதவிகளிலும் ஏறக்குறைய இதுவே நடைமுறை: நிர்ணயித்த மதிப்பீட்டை எட்டிய இளையவர், அதை எட்டிய மூத்தவரைத் தாண்ட முடியாது. குஜராத்தில் மாவட்ட நீதிபதிப் பதவிக்குத் தேர்வு வைத்து, குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றவர்களை மூப்பு வரிசைப்படி உயர்த்தியது செல்லும் என்று 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியதும் இந்த வழியை ஒட்டியதுதான்.

வேறு வழியும் உண்டு. காரைக்குடியிலேயே, அழகப்பர் கொடுத்த நிலத்தில் எழுந்த ‘செக்ரி’ என்ற மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகத்தில், விஞ்ஞானியின் உயர்வு காலியிடத்தைப் பொறுத்ததில்லை. குறித்த ஆண்டுகள் முடிந்ததும் அவருடைய ஆய்வுப் பணியை மதிப்பிட்டு, தேறினால் அடுத்த நிலைக்கு உயர்த்துகிறார்கள். ஒருவர் உயர்ந்ததால் மற்றவர் இடம் பறிபோவதில்லை என்பதால் அங்கே ‘என்னைத் தாண்டிப் போனார்’ என்ற கசப்புக்கு இடம் குறைவு. ஆனால் ஆய்வுக் கட்டுரையையும் காப்புரிமையையும் எடுத்து மேசை மேல் வைக்கலாம். ஒரு கண்காணிப்பாளர் பிரிவை ஒழுங்காக நடத்தினார் என்பதை எதை வைத்து அளப்பது? நம் அலுவலகங்களில் ஆண்டு முடிந்து பல மாதம் கழித்து, எல்லாருக்கும் ஒரே சொற்களில் எழுதப்படும் குறிப்புகளை வைத்து அளக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. அளவுகோல் அப்படி இருக்கும்வரை, துறைத் தேர்வும் கறைபடியாத பணிப்பதிவும் என்ற கோட்டைத் தாண்டியவர்களுள் மூத்தவர் முதலில் என்பதே குறைந்த தீங்குள்ள வழி. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாமல் போகலாம், அதில் தவறில்லை.

கடைசியாக, உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது பற்றி. அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து எழுதாதீர்கள். உரிமைவிடல் என்பது கோபத்தைத் தெரிவிக்கும் படிவம் அல்ல. அது ஏற்கப்பட்டால், உரிமைவிட்ட காலத்துக்கு உங்கள் பெயர் பரிசீலனையிலேயே வராது, பின்னால் வருபவர்கள் விதிப்படியே முன்னே போய்விடுவார்கள், அப்போது முறையிடவும் இடமிருக்காது. ஓய்வு வயது அறுபது என்றிருக்கும் நிலையில் உங்களுக்கு இன்னும் சில பேனல்கள் மிச்சம் இருக்கின்றன. பல துறைகள் மார்ச் 15-ஐத் தகுதி நிர்ணய நாளாக வைத்திருக்கின்றன. உங்கள் துறையின் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குள் எழுத வேண்டிய துறைத் தேர்வு ஏதும் பாக்கியிருந்தால் முடித்துவிடுங்கள். 17(அ), 17(ஆ) குறிப்பாணை (ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு) ஏதாவது முடிக்கப்படாமல் கிடந்தால் அதை முடிக்கச் சொல்லி எழுதுங்கள். நிலுவையில் உள்ள குற்றச்சாட்டு பேனல் நாளில் உங்களுக்குத் தடையாகக்கூடும். அடுத்த மூப்புப் பட்டியல் சுற்றுக்கு வரும்போது, கையொப்பம் இடுவதற்கு முன் உங்களுக்கு மேலேயும் கீழேயும் உள்ள ஐந்தைந்து பெயர்களின் தேதிகளைச் சரிபார்த்து, ஆட்சேபம் இருந்தால் அதே வாரத்தில் எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2009 மாறுதல் ஆணையும் 2014 பேனலும் கைக்கு வந்ததும் அவற்றின் நகல்களை எனக்கு அனுப்பினால், முறையீட்டுக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.